நானூற்றுப் பன்னிரண்டின் வால்

பிப்ரவரி 24, திங்கள்

மகள் என் போனில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். சிவப்பு வட்டத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக்கிக்கொள்ளும். பச்சையைத் தொட்டால் ஒரு பெண் குரல் திருப்பி வாசித்துக் காட்டும். தேதியை அதுவே போட்டுக்கொள்கிறது. "செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாப் பேசுங்கப்பா, அப்பத்தான் தப்பில்லாம எழுதும்" என்றாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். எழுபத்தாறு வயதில் நாட்குறிப்பு எழுதுகிறேன்.

வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் மனைவி சிரிக்கிறாள். அதனால் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று சொன்னதைப் பச்சையைத் தொட்டுக் கேட்டேன். அந்தப் பெண் என் பேச்சை மந்திரி பேச்சு மாதிரி வாசிக்கிறாள். நான்கு தடவை கேட்டேன்.

என் பொம்மைகளைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று. ஒன்றைக்கூட நான் தேடிப் போகவில்லை. பெரிய ஓட்டலில் சலவைப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை. ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். பிள்ளைகள் பொம்மையைப் போர்வைக்குள் மறந்துவிட்டுப் போய்விடும். போர்வை சலவைக்கு வரும்; பொம்மையும் வரும். கழுவித் துடைத்து, மறந்த சாமான் அலமாரியில் வைக்கவேண்டும். ஆறு மாதம் யாரும் கேட்காவிட்டால், கண்டெடுத்தவனுக்கே கொடுத்துவிடுவார்கள். கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்வேன்.

எழுத்து தெரியாது, எண் தெரியும். துணியில் அறை எண் குத்தியிருக்குமே. அதனால் பொம்மைகளுக்கும் அறை எண்தான் பேர். நூற்றுப் பதினெட்டு என்றால் முதுகில் கயிறு இழுத்தால் பேசும் அமெரிக்கக் கரடி. ஐந்நூற்று ஒன்று என்றால் கண்ணாடிக் குடுவையைத் தலையில் கவிழ்த்த அமெரிக்க விண்வெளிக்காரன். நானூற்றுப் பன்னிரண்டு என்றால் என் ராஜா. மூன்று கொம்பு வைத்த ஜப்பான் பூதம். பச்சை வினைல் பிளாஸ்டிக் உடம்பு, முதுகில் வெள்ளிப் பூச்சு.

எந்தப் பொம்மை எந்த வருடம், எந்த மாதம், அந்தப் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது, எல்லாம் சொல்வேன். சேகரிப்பாளர் சங்கத்தில் என் பட்டப்பேரே 'ரிக்கார்டு'.

பிப்ரவரி 27, வியாழன்

மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பூதக்கண்ணாடி வைத்து மாத்திரை அட்டையில் இருக்கும் கடுகு எழுத்தைப் படித்துப் பழகியதால், பொம்மையின் உள்ளங்கால் முத்திரையையும் படிப்பான். ஜப்பானிலிருந்து புத்தகம் வரவழைத்து வைத்திருக்கிறான். அவனுக்குப் புத்தகம், எனக்கு மண்டை. நாற்பது வருடமாக இந்தச் சண்டைதான்.

ஒருமுறை புத்தகம் ஜெயித்தது. கரடியின் கயிற்றை இழுத்தால் அது கனமான குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். ரொம்ப நாள் அதைப் பெரிய தத்துவம் என்று நினைத்திருந்தேன். இவன் கேட்டுவிட்டு, "எனக்குப் பசிக்குது, உனக்கு?ன்னு கேக்குது அத்தான்" என்றான். அன்றிலிருந்து அது பேசினால் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள்: "இங்க மட்டும் என்ன கொட்டியா கிடக்குது?"

சங்கத் தலைவர் பல் டாக்டர். மார்ச் இருபத்து மூன்றாம் தேதி நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார். என் ராஜா நடு மேசையில். மச்சானிடம் தவளைவாயன் என்று ஒரு ஜப்பான் பூதம் உண்டு, அதுவும் நடு மேசையில். போன தடவை மாதிரியே இரண்டுக்கும் பச்சைப் பொட்டு கிடைக்கும். டாக்டர் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பொட்டு ஒட்டுவார். எல்லா உறுப்பும் அதனுடையதே என்றால் பச்சை. வேறு பொம்மையின் கையோ காலோ மாட்டியிருந்தால் மஞ்சள். மஞ்சள் பொட்டு வாங்கிய பொம்மை சுவரோரம் போய்விடும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று பேச வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். கண்காட்சிக்காகப் புதுக் கண்ணாடிப் பெட்டி செய்திருக்கிறான். பின்பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி. டாக்டர்தான் இந்த வருடம் எல்லாரும் அப்படிச் செய்யவேண்டும் என்று சொன்னாராம். பொம்மையின் முதுகும் தெரியட்டும் என்று.

தவளைவாயன் நடுவில் நிற்கிறான். அதே பச்சை உடம்பு, முதுகில் செம்புப் பூச்சு. நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடியில் அவன் வால் தெரிந்தது.

வால் நுனியில் பல் தடம்.

மனைவி பிஸ்கட் தட்டை நீட்டியது தெரியவில்லையாம். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க" என்றாள். சர்க்கரை குறைந்திருக்கும் என்று சொல்லி மச்சான் ஒரு மிட்டாயை வாயில் போட்டுவிட்டான்.

மார்ச் 3, திங்கள்

ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால், நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஜப்பான் குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண்குழந்தை. நான் காலையில் விரிப்பு எடுக்கப் போனேன். பெண்குழந்தைக்கு நான்கு வயதிருக்கும், மஞ்சள் கவுன். மூன்று கொம்பனைத் தலைகீழாகப் பிடித்து வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் அழுத்திக் கடித்தது. நான் சிரித்தேன். இதோ இப்போது அந்தக் குழந்தையின் சாக்ஸ் நிறம் கேட்டாலும் சொல்வேன். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள். கட்டிலுக்கு அடியில் மூன்று கொம்பன், தவளைவாயன் இரண்டும் பாலில் நனைந்து கிடந்தன. சலவைப் பிரிவில் வெந்நீர்த் தொட்டியில் போட்டேன். வினைல் சூட்டில் இளகி, இரண்டு வாலும் கழன்று மிதந்தன. கழன்றதை இளக்கத்தோடு திருப்பி அழுத்தினால் 'டப்' என்று உட்கார்ந்துகொள்ளும். அந்த வித்தையை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அன்று பார்த்து மேஸ்திரி, மேசைவிரிப்பு இருநூறு வேண்டும் என்று கத்துகிறார். கண்ணில் சோப்புத் தண்ணீர். இரண்டையும் டப், டப் என்று மாட்டிவிட்டு ஓடினேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டும் எனக்கே வந்தன. மூன்று கொம்பனின் வாலில் பல் தடம் இல்லை. நான் என்ன நினைத்தேன்? வெந்நீரில் வினைல் இளகித் தடம் தானாக மறைந்துவிட்டது என்று. நினைத்தது மட்டுமா? ஐம்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் குறித்துக்கொண்டுகூடப் போனார்.

நேற்று வந்ததும் என் ராஜாவின் வாலைத் தூக்கிப் பார்த்தேன். தவளைவாயன் வாலில் ஒன்பது முள், இதில் ஏழுதான், அளவும் கொஞ்சம் சின்னது. இடுப்போடு சேருகிற இடத்தில், வெயில் படாத மடிப்பில், ஒரு நூல் அளவு பூச்சு மிச்சம் இருக்கிறது. வெள்ளி இல்லை. செம்பு.

என் கையாலேயே மாற்றி மாட்டியிருக்கிறேன். அன்று தவளைவாயனின் வாலையோ பூச்சு நிறத்தையோ நான் சரியாகப் பார்க்கவே இல்லை. ரிக்கார்டாம் ரிக்கார்டு.

மார்ச் 4, செவ்வாய்

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 5, புதன்

சொல்லாவிட்டால் என்ன? புத்தகத்தில் எல்லாப் படமும் முன்பக்கம் எடுத்தது. வால் எப்படி இருக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது.

சொன்னால்? மச்சான் சும்மா விடுவானா? சாகும்வரை சொல்லிக்காட்டுவான். எங்கள் பேரன் பேத்திகள் கல்யாணத்தில்கூட ஒலிபெருக்கி பிடித்துச் சொல்வான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் சொன்னால் அவன் பொட்டும் போகுமே. தவறு என்னுடையது; மஞ்சள் அவனுக்கும். அந்தத் தவளைவாயனை அவன் எப்படி வைத்திருக்கிறான்... சொந்தப் பிள்ளைகளைக்கூட அந்த அலமாரியைத் தொடவிட்டதில்லை. என்னைச் சுத்தமாகவே விட்டதில்லை. கிட்டே போனாலே, "அத்தான், கண்ணால மட்டும்" என்பான்.

மார்ச் 6, வியாழன்

மனைவியின் பேச்சில் ஏதோ இருக்கிறது. காலையில் நான் காப்பியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். "புலி வாலப் புடிச்சவன் கணக்கா ஏன் முழிக்கிறீங்க?" என்றாள். மத்தியானம் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து, "சரியான வாலு" என்றாள். சாயங்காலம் தொலைக்காட்சியில் யாரோ தோற்றதைப் பார்த்து, "வாலச் சுருட்டிட்டுப் போயிட்டான்" என்றாள்.

தற்செயலாக இருக்கும். எனக்குத்தான் எல்லாம் வாலாகக் கேட்கிறது.

மார்ச் 8, சனி

ஒரு வழி தோன்றியது. இரண்டையும் வெந்நீரில் போட்டு வாலை மாற்றிவிட்டால்? இரண்டுக்கும் அதனதன் வால். இரண்டுக்கும் உண்மையான பச்சைப் பொட்டு. மச்சான் திட்டுவான், ஆனால் அவன் கையில் முழுப் பொம்மை இருக்கும்.

ஆனால் ஐம்பது வருடத்து வினைல். அன்று இளகியது இன்று இளகுமா?

மார்ச் 11, செவ்வாய்

சோதித்துப் பார்த்தேன். இருநூற்று இருபது, ஒற்றைக் கை நரி, அதுவும் ஜப்பான். ஏற்கெனவே காது போனது, அதனால் அதை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, நூறு எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தேன். கால் கழன்றது. திருப்பி மாட்டும்போது 'டப்' வரவில்லை. 'டிக்' வந்தது. கால் மாட்டுகிற வளையத்தில் ஒரு மயிரிழை விரிசல்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "யாரக் குளிப்பாட்டுறீங்க?"

அழுக்கு என்றேன்.

"நரிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆக, இரண்டு வாலை மாற்றினால் இரண்டும் உடையலாம். ஒன்று உடையலாம். அந்த ஒன்று அவனுடையதாக இருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மச்சான் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தவளைவாயனுக்குத் தானே ஓர் அட்டை எழுதியிருக்கிறான், வாசித்துக் காட்டினான். 'ஐம்பது ஆண்டுகளாக ஒரே கையில்' என்று எழுதியிருந்தானாம். வாசித்துவிட்டு அட்டையை இரண்டு தடவை நேராக்கி வைத்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் நான் கொடுத்தது அது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் தோட்டக்காரரின் மகள்தான் என் மனைவி. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். எனக்குப் பிடித்துப்போனது. எழுதிக் கொடுக்கலாம் என்றால் எழுத்து தெரியாது. வாயால் சொல்லியனுப்பலாம் என்றால் நடுவில் இந்தத் தம்பி. நான் அந்தப் பக்கம் போனாலே என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடுவான். ஒரு வாரத்தில் மூன்று முறை பிடுங்கினான். கடைசியில் தவளைவாயனைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், வீட்டுக்குள் ஓடினான். மறுநாள் அவனே பம்பு கொண்டுவந்து என் சைக்கிளுக்குக் காற்றடித்தான். "அக்காகிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டான்.

அவன் இன்னும் கிண்டல் செய்வான்: ஒரு பொம்மையைக் கொடுத்து என் அக்காவைத் தட்டிக்கொண்டு போனவர் என்று.

அப்படிப்பட்ட பொம்மையில், இது உன் வால் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் சரியில்லை. இல்லை, பொய். நன்றாகத்தான் தூங்கினேன். கனவில் அந்த மஞ்சள் கவுன் குழந்தை வந்து, வாயில் வாலோடு என்னையே பார்த்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் சொல்லவேண்டும்.

காலை பத்து மணிக்கு மச்சான் வந்தான். கையில் துண்டு சுற்றிய பெட்டி. உள்ளே தவளைவாயன். அந்தப் பொம்மை அவன் வீட்டைவிட்டு வெளியே வருவது கண்காட்சிக்கு மட்டும்தான். "அக்கா எடுத்துட்டு வரச் சொன்னா. நீங்க ஏதோ சொல்லணுமாம்" என்றான்.

மனைவியைப் பார்த்தேன். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் மிக அமைதியாக, "பின்பக்கம் போய் அந்தப் போன்ல ஊருக்கே கேக்குற மாதிரி செய்தி வாசிச்சா, கல்லுக்கு நேரா இருக்குற அடுப்படி ஜன்னலுக்குக் கேக்காதா?" என்றாள்.

அடிப்பாவி. முதல் நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். தினமும் அந்த நேரத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாளாம். தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. "அது உங்க வாயால வரணும்" என்றாள்.

சரி என்று மேசைமேல் என் ராஜாவையும் கொண்டுவந்து வைத்தேன். இரண்டையும் முதுகு தெரியத் திருப்பினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை, பால், வெந்நீர், மேஸ்திரி, சோப்பு, டப், டப். வெந்நீரில் தடம் மறையும் என்று நான் ஊருக்குச் சொன்னது. நரியின் கால். கடைசியில், "மச்சான், எனக்குத் தப்பிப்போச்சு. ஒம்போது முள்ளு இருக்குற வால் என்னோடது. ஏழு முள்ளு வால் உன்னோடது. என்ன செய்யலாம்னு நீ சொல்லு" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி போடவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தான்."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த அன்னைக்கே தெரியும். கையில வாங்கின உடனே திருப்பிப் பாத்தேன்ல? முதுகு செம்பு, வால்ல வெள்ளி. அப்ப பூச்சு நல்லாவே இருந்துச்சு. எனக்கு நீங்க வேணும்னே செஞ்சதாத் தோணுச்சு."

"வேணும்னா?"

"பெரிய வால எனக்குக் குடுத்துட்டு, சின்ன வால நீங்க வச்சுக்கிட்டீங்கன்னு. காத்தப் புடுங்கிவிட்ட பயலுக்கு ஒருத்தன் பெரிய வாலக் குடுக்குறான்னா, நல்ல ஆளாத்தான் இருக்கணும்னு நெனச்சேன். அக்காகிட்டயும் அதத்தான் போய்ச் சொன்னேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா. 'அவரு நல்லவருக்கா, பெருசா உள்ளத நமக்குக் குடுக்குறாரு'ன்னு சொன்னான். எதச் சொல்றான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றாள்.

பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

பிறகு நான் கேட்டேன், இத்தனை வருடம் என்னை ஏன் அதைத் தொடவிடவில்லை என்று. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தொட்டா ஞாபகம் வந்துடும். வந்தா வாலத் திருப்பிக் கேப்பீங்க."

அறுபத்திரண்டு வயது மனுஷன். பன்னிரண்டு வயது முகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்துவிட்டு, அவனே எழுந்து தவளைவாயனை என்னிடம் நீட்டினான். "பாத்திரம் சூடா இருக்கு. உங்க வால். எடுத்துக்குங்க. விரிஞ்சா விரியட்டும்" என்றான். பாத்திரத்துக்கு மேலே ஆவி. ஐம்பது வருடமாக நான் தொடாத பொம்மை. எனக்கு அந்த வால் வேண்டும். பொய் சொல்லமாட்டேன், வேண்டும்தான்.

அப்போது மனைவி சொன்னாள்: "தாராளமா மாத்துங்க. ஆனா தம்பி, வாலத் திருப்பிக் குடுக்குறேன்னா என்னையும் கூடவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும். அதுக்குத்தான வந்தேன் நான்? யோசிச்சுக்குங்க ரெண்டு பேரும்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மச்சானைப் பார்த்தேன்.

"அத்தான், இவ சமையல் எனக்கு ஒத்துக்காது" என்றான்.

"பழகிடும் மச்சான். எனக்குப் பழகல?" என்றேன்.

கரண்டி பறந்து வந்தது. பொம்மைகள்மேல் படாமல் பார்த்துத்தான் எறிந்தாள்.

கொதித்த தண்ணீரில் தேயிலை போட்டாள். ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தோம். தவளைவாயன் துண்டுக்குள் போனான், தன் வாலோடு. என் வாலோடு. யார் வாலோ.

மார்ச் 17, திங்கள்

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. நான் பெரிய மனது செய்து கொடுத்ததாக அவன் ஐம்பது வருடம் நினைத்திருக்கிறான். நான் செய்தது அவசரத்தில் செய்த தப்பு. இதை மனைவியிடம் சொன்னேன். (இப்போது கல்லுக்குப் போவதில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து பேசுகிறேன்.)

"தப்பாக் குடுத்தாலும் பெருசத்தான குடுத்தீங்க" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

பல் டாக்டரிடம் இருவரும் போய் உண்மையைச் சொன்னோம். அவர் நம்பவில்லை. புத்தகத்தில் இல்லையே என்றார். மச்சான் முதல் முறையாகப் புத்தகத்தை விட்டுக்கொடுத்து, "புத்தகம் கிடக்குது டாக்டர், அத்தான் பாத்திருக்காரு" என்றான்.

டாக்டர் தவளைவாயனை விளக்குக்கு அடியில் வைத்து, நோயாளிக்குப் பார்க்கிற சின்னக் கண்ணாடியால் வால் நுனியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பால் பல். மேல் வரிசை, முன்னால நாலு. நாலு வயசு, மிஞ்சிப்போனா அஞ்சு" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, சாக்ஸ் நிறம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

ரிக்கார்டு முழுக்கத் தேயவில்லை. கை மட்டும்தான் தப்பு செய்திருக்கிறது.

ஆனால் விதி விதிதான். இரண்டுக்கும் மஞ்சள்.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சி முடிந்து இப்போதுதான் வந்தோம். கால் வலிக்கிறது. மனசு அப்படியே மண்டபத்திலேயே இருக்கிறது.

நடு மேசையில் ஐந்நூற்று ஒன்று, என் விண்வெளிக்காரன், பச்சைப் பொட்டோடு. எங்கள் இரண்டு பூதங்களும் சுவரோரம், மஞ்சள் பொட்டோடு. மச்சான் புது அட்டை எழுதி வைத்தான். வாசித்துக் காட்டினான்: 'வால் மாறியது. மாறியபடியே இருக்கட்டும்.' அவ்வளவுதான்.

மற்ற எல்லாருடைய பொம்மைகளும் முகத்தைக் காட்டி நின்றன. எங்களுடையவை இரண்டும் முதுகைக் காட்டி நின்றன. வருகிறவர்கள் எல்லாரும் இதென்ன இப்படி என்று கிட்டே வந்தார்கள். வந்தவர்களுக்கு நான் கதை சொன்னேன். நான் மூச்சு வாங்கும் இடங்களில் மச்சான் சொன்னான். சைக்கிள் காற்றுக் கட்டத்தில் மட்டும் அவன் திருத்தினான்: மூன்று முறை இல்லை, நான்கு முறையாம். ஒரு முறை எனக்குத் தெரியாமலேயே பிடுங்கி, பயந்துபோய் அவனே அடித்துவைத்தானாம். நடு மேசைப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் ஆளே இல்லை. டாக்டர் தன் பச்சைப் பொட்டுகளுக்கு நடுவில் தனியாக நின்றார்.

வெந்நீரில் தடம் மறையும் என்று குறித்துக்கொண்டு போன அந்த ஆளும் வந்திருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அது தப்பு, அடித்துவிடுங்கள் என்றேன். அடித்துவிட்டார். பெரிய பாரம் இறங்கியது.

திரும்பி வரும்போது, மீந்திருந்த மஞ்சள் பொட்டில் ஒன்றை மனைவி என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டாள். ஏன் என்றேன். "எல்லா உறுப்பும் ஒங்களோடதுதானா? பல்லு செட்டு?" என்றாள். மச்சான் சிரித்த சிரிப்பில் பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

கரடியின் கயிற்றை இழுத்தேன். பசிக்கிறது என்றது. மனைவி அதற்கும் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பிறகு அதையும் நானே குடித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போனோம். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான்.

எடுத்தேன். நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. வால் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். நான்கு சின்னப் பள்ளம். வெந்நீருக்கும் மறையவில்லை, ஐம்பது வருடத்துக்கும் மறையவில்லை.

திருப்பி வைக்கும்போது முதுகு தெரிய வைத்தேன். மச்சான் வந்து கதவைச் சாத்தினான். பொம்மையைத் திருப்பவில்லை.